போர் விமானத்துக்கு வைத்த பொட்டு

எந்த வேலையிலும் ஒரு வருடம் முழுதாக நான் இருந்ததில்லை. ஒன்பதாம் வகுப்பைப் பாதியில் விட்டேன். வெள்ளகோவிலில் எண்ணெய் மில்லில் மூட்டை தூக்கினேன். திருப்பூரில் சாயப்பட்டறையில் நின்றபோது பாதத்துத் தோல் உரிந்தது. அது ஆறியதும் போர்வெல் லாரியில் ஏறிவிட்டேன். ராஜஸ்தான், ஒடிசா, சத்தீஸ்கர் என்று லாரி போன இடமெல்லாம் போனேன். லாரிக்கு அடியில் தார்ப்பாயை விரித்துத் தூங்குவோம். மழைக்காலத்தில் போர்வெல் லாரிகள் நின்றுவிடும். அந்த மாதங்களில் கோயமுத்தூருக்கு வந்து ஏதாவது ஒரு பட்டறையில் நிற்பேன். அப்படித்தான் லேத்தும், பிறகு கம்ப்யூட்டரில் ஓடுகிற சி.என்.சி. மெஷினும் கைக்கு வந்தன. மழை விட்டதும் கால் பரபரக்கும். கிளம்பிவிடுவேன்.

கடைசியாக நின்ற பட்டறை சூலூருக்கும் இருகூருக்கும் நடுவில் இருந்தது. தகர ஷெட். சூலூர் விமானப்படைத் தளத்திலிருந்து தலைக்கு மேலே போர் விமானங்கள் போகும். சத்தம் வரும்போது எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டு, அது போனதும் விட்ட வார்த்தையிலிருந்து தொடர்வார்கள். போனில் பேசுகிற வெளியூர்க்காரர்களுக்கு மட்டும் அது புரியாது.

முதலாளி தாராபுரம் பக்கத்து விவசாயக் குடும்பம். அறுபதைத் தாண்டியவர். தோட்டத்தை அண்ணனுக்கு விட்டுவிட்டு வந்து பம்புசெட்டும் அதற்கு உதிரிபாகமும் செய்ய ஆரம்பித்தவர். பம்பு ஆர்டர் வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டே வந்தது. ஓசூர்ப் பக்கம் ஒரு கம்பெனி நம் நாட்டிலேயே செய்கிற புதுப் போர் விமானத்துக்குப் பாகங்கள் சேர்த்துக் கொடுக்கிறது என்று கேள்விப்பட்டு, ஒரு வருடம் அலைந்து, ஒரு சாம்பிள் ஆர்டர் வாங்கி வந்திருந்தார். உள்ளங்கை அளவு அலுமினிய பிராக்கெட். இறக்கைக்குள்ளே ஒரு குழாயை அசையாமல் பிடித்துக்கொள்வது அதன் வேலை. பன்னிரண்டு செய்து காட்ட வேண்டும். பாஸானால் பட்டறைக்கு விமான வேலை செய்ய ஒப்புதல் கிடைக்கும். பாஸாகாவிட்டால் பழையபடி பம்புதான், அதுவும் இருக்கிறவரைக்கும்.

பதினோரு மணி டீயோடு அவர் பேப்பரைச் சத்தமாக வாசிப்பார். பழைய ஜெட் விமானங்களைப் பறக்கவிடாமல் நிறுத்திவிட்ட சமயம் அது. புது விமானங்கள் தாமதமாகின்றன, எஞ்சின் வரவில்லை, படையில் விமானம் குறைந்துபோனது என்று தினமும் ஏதாவது செய்தி இருந்தது. அவர் அதை மழை பெய்யாததைச் சொல்வதுபோலச் சொல்வார்.

"பழசையெல்லாம் நிறுத்திப்போட்டாங்களாமுங்க. புதுசு இன்னும் வந்து சேரலையாம்."

லேத்தில் நின்றவர் ஒருவர் திரும்பாமலேயே, "நம்ம ஆளு பிராக்கெட்டக் குடுத்தாத்தானுங்க அது வரும்" என்று என் பக்கம் கையைக் காட்டுவார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். மெஷினில் நின்றது நான்தான்.

விமான வேலைக்கு என்று ஷெட்டின் ஒரு மூலையைக் கண்ணாடி போட்டுத் தனியாக்கியிருந்தார். உள்ளே போகும்போது போனை வெளியே பெட்டியில் போட வேண்டும். கையுறை இல்லாமல் எதையும் தொடக் கூடாது. எந்த அலுமினியக் கட்டியிலிருந்து எந்தத் துண்டு வந்தது, எந்தக் கத்தி வெட்டியது, யார் வெட்டியது என்று எல்லாவற்றையும் எழுத வேண்டும். பம்பு வேலையில் இதெல்லாம் கிடையாது. கொஞ்சம் எச்சாக இருந்தால் இழைப்போம். குறைந்தால் வெல்டிங் வைத்து மறுபடி கடைவோம். கோயமுத்தூர்ப் பட்டறையில் எதையும் தூக்கிப் போட்டுப் பார்த்ததில்லை. இங்கே குறைந்தால் குறைந்ததுதான். கட்டியில் முக்கால்வாசிக்கு மேல் சுருள் சுருளாகச் சீவிக் கொட்டிவிட்டு மிச்சத்தைப் பிள்ளைபோலப் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்தக் கண்ணாடி அறையில் நிற்கும்போது லாரி கேபினில் வீசுகிற காற்றை நினைத்துக்கொள்வேன். ஒரு துண்டு முடிவதற்குள் கதவை ஐந்தாறு முறை பார்த்துவிடுவேன்.

அளந்து பார்ப்பவர் கோட்டைமேட்டுக்காரர். அவருடைய அத்தா தராசு ரிப்பேர் செய்தவர். எல்லோரும் அவரை பாய் என்போம். வயது ஐம்பது இருக்கும். ஒரு துண்டை மூன்று முறை அளந்துவிட்டு, நம்பாமல் கையைக் கழுவி வந்து மறுபடியும் அளப்பார். நான் கதவைப் பார்ப்பதைக் கவனித்து, "மெஷின்ல கிளாம்ப் போட்டாச்சு. உங்க காலுக்குத்தான் ஒண்ணு போடோணும்" என்பார்.

ஆயுத பூஜைக்கு முன்னால் பன்னிரண்டும் முடிந்தன. பாய் ஒவ்வொன்றையும் அளந்து, காகிதம் சுற்றி, உறைபோட்டு, பீரோவில் வைத்துப் பூட்டினார். பூஜை விடுமுறை முடிந்து பட்டறை திறந்த மறுநாள் ஓசூர்க் கம்பெனியிலிருந்து ஆய்வுக்கு வருவதாக ஏற்பாடு. எனக்கும் அந்தத் தேதிதான் கணக்கு. மழை விட்டிருந்தது. சத்தீஸ்கரில் லாரி கிளம்பிவிட்டது, வா என்று போர்வெல் ரிக் மேஸ்திரி இரண்டு முறை போன் செய்துவிட்டார். ஆய்வு முடிந்த வாரமே போக டிக்கெட் போட்டிருந்தேன்.

அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம் இருந்தது. எந்தப் புதுச் சரக்கானாலும் முதல் தடவை செய்ததை ஆயுத பூஜையில் வைத்து, ஒவ்வொன்றுக்கும் சந்தனம் குங்குமம் இட்டு, அந்தப் பொட்டோடுதான் வெளியே அனுப்புவார்கள். பம்பு வாங்குகிற விவசாயிகள் அதைத் தேடிப் பார்ப்பார்கள். பொட்டு இல்லாமல் ஒரு புது மாடல் பம்பு போனால், பூஜை போடாமலே குடுத்துப்போட்டீங்களா என்று போன் வரும். அந்தப் பம்பு கிணற்றில் இறங்கி வருடக்கணக்கில் ஓடிவிட்டால், பொட்டு வைத்த ராசி என்பார்கள்.

பூஜையன்று மெஷின்களைக் கழுவி வாழைக்கன்று கட்டினோம். பாய் வந்திருந்து, பிள்ளைகளுக்குப் பொரிகடலைப் பொட்டலம் வாங்கிக்கொண்டு, பூஜைக்கு முன்னாலேயே கிளம்பிவிட்டார். வருடாவருடம் அப்படித்தான். நான் திருஷ்டிப் பூசணிக்காயை ரோட்டில் உடைத்துவிட்டு உள்ளே வந்தபோது, முதலாளி பீரோவைத் திறந்து, பன்னிரண்டு பிராக்கெட்டையும் உறை பிரித்து வாழையிலையில் வரிசையாக வைத்திருந்தார். நடுவில் குனிந்து உட்கார்ந்து, கிண்ணத்துச் சந்தனத்தை விரலில் தோய்த்து ஒவ்வொன்றுக்கும் வைத்தார். அதன் மேல் குங்குமம். வெள்ளை வெளேரென்ற அலுமினியத்தில் அது எடுப்பாகத் தெரிந்தது. லேத்துக்காரர், "இப்பத்தானுங்க இது நம்ம ஊரு விமானமாட்ட இருக்குது" என்றார். யாருக்கும் அதில் ஒன்றும் தோன்றவில்லை. பூஜையில் வைத்ததை மறுநாள் விஜயதசமி முடிகிறவரை எடுக்கக் கூடாது. அதற்கடுத்த நாள் ஞாயிறு. ஷெட்டைப் பூட்டிக்கொண்டு எல்லோரும் போய்விட்டோம்.

திங்கட்கிழமை முதலில் வந்தவர் பாய். நான் போகும்போது பீரோவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருந்தார். பீரோ காலி. நான்தான் பூஜை வைத்த மேஜையைக் காட்டினேன். இலை வாடிச் சுருண்டிருந்தது. சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. அவர் கையுறை மாட்டிக்கொண்டு ஒன்றை எடுத்து, மெல்லிய துணியால் துடைத்தார். பொட்டு போய்விட்டது. அது இருந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு வட்டம் நின்றது. துணியில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தார். வட்டம் அப்படியே இருந்தது. ஈரச் சந்தனமும் சுண்ணாம்பு கலந்த குங்குமமும் உலோகத்தைத் தின்றிருந்தன. ரொம்ப இல்லை. நகத்தால் தடவினால் தெரியாது. கண்ணுக்குத் தெரிந்தது.

இரண்டாவதை எடுத்தபோது முதலாளி வந்துவிட்டார்.

"தொடைக்கறத நிறுத்துங்க பாய். வாசல் தாண்டறதுக்கு முன்னால பொட்ட அழிச்சா நல்லதில்லீங்க."

"வாசல் தாண்டாதுங்க மொதலாளி இது" என்றார் பாய். துடைத்ததை அவர் கையில் கொடுத்தார்.

முதலாளி அதை வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். சாய்த்துப் பார்த்தார். வேட்டி நுனியால் ஒரு முறை தேய்த்துப் பார்த்தார். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

மெல்லிய எமெரி உப்புத்தாளில் நாலு இழுப்பு இழுத்தால் வட்டம் போய்விடும் என்று நான் சொன்னேன். பம்பில் எத்தனையோ முறை செய்ததுதான். பொழுதோடு பன்னிரண்டையும் முடித்துவிடலாம், பழையபடி உறைபோட்டு வைத்துவிடலாம் என்றேன்.

பாய் என்னைப் பார்க்காமல் சொன்னார். "நீங்க இழுத்துப்போட்டு லாரி ஏறிப் போயிருவீங்க. அளவுத் தாளுக்குக் கீழ கையெழுத்துப் போட்டுட்டு நானுல்ல இங்க இருக்கோணும்."

எனக்குக் கோபம் வந்தது. அவர் சொன்னது சரியாக இருந்ததால் வந்த கோபம். வெளியே போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்தேன். வந்தபோதும் முதலாளி அதே ஸ்டூலில்தான் இருந்தார். மிச்சப் பதினொன்றைத் தொட வேண்டாம், அப்படியே தட்டில் வைத்து மூடுங்கள், நாளைக்கு வருகிறவரிடம் நானே சொல்லிக்கொள்கிறேன் என்றார். எமெரி போடாததற்கு அவர் காரணம் எதுவும் சொல்லவில்லை. சாமிக்கு வைத்ததைச் சுரண்டி எடுக்க அவருக்கு மனம் வரவில்லை என்றுதான் நினைக்கிறேன். விமானம் விழும் என்ற பயமும் இருந்திருக்கலாம். இரண்டும் அவருக்கு வேறு வேறாக இருந்திருக்காது.

ஆய்வுக்கு வந்தது ஒரு பெண். முப்பத்தைந்து வயது இருக்கும். கனமான ஷூ, தோளில் பை. முதலாளி கேட்டுக்கே போய் அழைத்து வந்து, இளநீர் வெட்டிக் கொடுத்து, அது முடிகிறவரை காத்திருந்தார். பிறகு தட்டைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்துத் திறந்தார்.

"ஏனுங்க அம்மணி, ஒரு தப்பு நடந்துபோச்சுங்க. பூஜையில வெச்சுப்போட்டேன். பசங்க மேல ஒண்ணுமில்லீங்க, நாந்தான் வெச்சேன்."

அந்தப் பெண் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. கையுறை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். குங்குமத்தில் என்னென்ன கலந்திருக்கிறது என்று கேட்டார். மஞ்சள், சுண்ணாம்பு என்று பாய் சொன்னார். சந்தனம் எந்தத் தண்ணீரில் குழைத்தது, தொட்ட கையில் உறை இருந்ததா, எத்தனை நாள் அப்படி இருந்தது என்று கேட்டு எழுதிக்கொண்டார். போர்வெல் தண்ணீர் என்று முதலாளி பள்ளிக்கூடத்துப் பையனைப்போலப் பதில் சொன்னார். நடுவில் ஒரு விமானம் போனது. எங்களைப்போலவே அந்தப் பெண்ணும் பேச்சை நிறுத்தி, சத்தம் தேய்ந்ததும் தொடர்ந்தார்.

"எங்க கம்பெனியிலயும் பூஜை போடுவோங்க. மெஷினுக்கு, ட்ராலிக்கு, டூல் பாக்ஸுக்கு எல்லாத்துக்கும் பொட்டு வைப்போம். பறக்கப்போற பொருளுக்கு மட்டும் வைக்கமாட்டோம். இது றெக்கைக்குள்ள போயிட்டா அப்புறம் வருஷக்கணக்குல யாரும் திறந்து பாக்க மாட்டாங்க. இந்த வட்டத்துல இருந்து அரிக்க ஆரம்பிச்சா அது உள்ளயே அரிச்சுக்கிட்டு இருக்கும்."

முதலாளி தலையாட்டினார்.

"பன்னெண்டையும் அறுத்துடணும். நான் இருக்கும்போதே."

தள்ளுபடியான விமானத் துண்டை முழுசாக வைத்திருக்கக் கூடாது என்பது அந்தத் தொழிலில் சட்டம். தெரியாமல் யாராவது எடுத்து மாட்டிவிடக் கூடாது என்பதற்காக. பாய்க்கு இது முன்பே தெரிந்திருந்தது. மற்றவர்களுக்குத் தெரியாது. அளவெல்லாம் சரியாக வந்த துண்டை அறுப்பதா என்று லேத்துக்காரர் முணுமுணுத்தார். அதுவும் பொட்டு வைத்ததை. எல்லோரும் முதலாளியைப் பார்த்தோம்.

அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். பிறகு என்னைப் பார்த்து, "பூசணிக்காய்க்கும் குங்குமம் வெச்சுத்தானுங்க ஒடைக்கறோம். அதாட்டம்னு வெச்சுக்குங்க. அறுங்க" என்றார்.

அந்தப் பெண் அப்போதுதான் லேசாகச் சிரித்தார். உடனே குனிந்து எழுதத் தொடங்கிவிட்டார்.

பேண்ட்சா ரம்பத்தில் ஒவ்வொன்றாக வைத்து அறுத்தேன். முதலாளி பக்கத்தில் நின்று எடுத்துக் கொடுத்தார். அறுபட்ட இரண்டு பாதியையும் அந்தப் பெண் போட்டோ எடுத்துக்கொண்டார். குங்குமத் தூள் ரம்பத்தில் ஒட்டி அலுமினியத் தூளோடு சேர்ந்து கீழே கொட்டியது. மூன்று வாரம் கண்ணாடி அறைக்குள் அடைந்து கிடந்து செய்ததை அறுத்து முடிக்க டீ ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை. எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. லாரியில் இருந்தபோது நாள் முழுக்கத் துளை போட்டுத் தண்ணீர் வராமல் மூடிவிட்டுப் போன ஊர்கள் எத்தனையோ. பிறகு அந்தப் பெண் சொன்னதுதான் என் கணக்கைக் குலைத்தது.

நீங்களாகவே சொன்னதால் ஆய்வை இத்தோடு முடிக்கவில்லை, இன்னொரு பன்னிரண்டு செய்து காட்ட ஒரு வாய்ப்பு எழுதிவிட்டுப் போகிறேன் என்றார். புரோகிராம், கத்தி, மெஷின், ஆள் நான்கும் மாறக் கூடாது. இதில் ஒன்று மாறினாலும் எல்லாமே முதலிலிருந்து. அப்படி முதலிலிருந்து என்றால் அடுத்த வருடம்தான் வரிசை வரும்.

"ஆபரேட்டர் நீங்கதானே. இருப்பீங்களா?" என்று என்னையே கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் முதலாளி, "அவரக் கேக்காதீங்க அம்மணி. அது அவரு இஷ்டமுங்க. அவருக்கு டிக்கெட்டுப் போட்டிருக்குது" என்றார்.

டிக்கெட் போட்டதை நான் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. லேத்துக்காரர் சொல்லியிருப்பார். தெரிந்தும் அவர் இத்தனை நாள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இருங்கள் என்று கெஞ்சியிருந்தால் நான் போயிருப்பேன். என்னைக் கெஞ்சியவர்கள் இருந்த ஊரிலெல்லாம் நான் நின்றதில்லை. அவர் எனக்காகக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றதுபோல இருந்தது. "இருக்கேனுங்க" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு கைகால் எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

அந்த மாதம் நல்லபடியாகப் போகவில்லை. ரிக் மேஸ்திரி போனில், நீ என்ன ஜெட் ஓட்டப்போகிறாயா, மண்ணில் துளை போடுகிறவனுக்கு ஆகாயத்தில் என்ன வேலை என்று திட்டினார். வேறு ஆளைச் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லிப் போனை வைத்தார். வேலை விட்டதும் நிற்கிற பஸ்ஸில் ஏறி அது போகிற ஊர்வரை போய், அடுத்த பஸ்ஸில் திரும்பி வருவேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை சென்னிமலைவரை போய், மலைமேல் ஏறாமல், அடிவாரத்தில் ஒரு கடையில் போர்வை வாங்கிக்கொண்டு திரும்பினேன். எனக்குப் போர்வை தேவையாகவும் இல்லை. மெஷின் முன்னால் மட்டும் கவனம் தப்பவில்லை. தப்பினால் மறுபடி ஒரு மாதம் நிற்க வேண்டும் என்ற பயம்தான் காரணம். வேறு பெருமை எதுவும் இல்லை. பாய் அளந்து அளந்து பார்த்து ஒவ்வொன்றாக உறைபோட்டார். தன்னிடமிருந்த இன்னொரு பீரோச் சாவியையும் முதலாளியே கழற்றி அவரிடம் கொடுத்துவிட்டார்.

பன்னிரண்டும் பாஸாயின. ஒப்புதல் வந்த அன்று முதலாளி எல்லோருக்கும் மைசூர்பாகு வாங்கி வந்தார். பேப்பரை அன்று வாசிக்கவில்லை. அனுமதிக் கடிதத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. பாகத்தைத் தொடர்ந்து செய்ய வேண்டுமானால் பழகிய ஆபரேட்டர் ஒருவர் போதாது, இருவர் பெயர் பட்டியலில் இருக்க வேண்டும். ஆள் தேட வேண்டும் என்று நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போது முதலாளி கையுறைப் பெட்டியிலிருந்து ஒரு ஜோடி எடுத்து மாட்டிக்கொண்டிருந்தார். விரல்கள் தடியாக இருந்ததால் ஏறவில்லை.

"ரெண்டாவதா என்ற பேரப் போடுங்க பாய்" என்றார். "நான் எங்கீங்க போகப்போறேன்."

அறுபது வயதுக்கு மேல் அவர் சி.என்.சி. பழகினார். பட்டனைப் பார்த்து அமுக்கிவிட்டு, அமுக்கியது சரிதானா என்று என் முகத்தைப் பார்ப்பார். கத்தி தொட்ட சத்தத்திலேயே சரியா தப்பா என்று அவருக்குத் தெரிந்துவிடும். திரையில் வருகிற எழுத்துதான் அவருக்கு ஆகவில்லை. பாய் அவர் செய்த துண்டுகளையும் மூன்று முறை அளந்தார். இரண்டைத் தள்ளுபடி செய்து அறுக்க வைத்தார். முதலாளி பேசாமல் அறுத்தார். தை பிறப்பதற்குள் அவர் பெயரும் பட்டியலில் ஏறிவிட்டது. அன்று சாயங்காலம் என்னிடம், "இனி நீங்க போலாமுங்க" என்றார்.

போகச் சொல்லி யாரும் என்னிடம் சொன்னதில்லை. நானாகத்தான் எல்லா இடத்திலிருந்தும் கிளம்பியிருக்கிறேன். அறைக்கு வந்து பையைக் கட்டினேன், பிரித்தேன், மறுபடி கட்டினேன். இரண்டு நாள் கழித்துத்தான் ரயில் ஏறினேன்.

இப்போது சத்தீஸ்கரில் ஒரு லாரியில் இருக்கிறேன். பழைய மேஸ்திரி சேர்த்துக்கொள்ளவில்லை. இது வேறு லாரி. நேற்று பாய் போன் செய்தார். முதல் ஆர்டர் சரக்கு ஓசூருக்குப் போய்விட்டதாம். முதலாளி செய்தது பாதிக்கு மேல். அந்தப் பெண் மறுபடி வந்திருந்தபோது, இன்னொரு ஆபரேட்டர் எங்கே என்று கேட்டாராம். ஊருக்குப் போயிருக்காருங்க, மழைக்கு வந்துருவாருங்க என்று முதலாளி சொன்னாராம். பட்டியலிலிருந்து உங்கள் பெயரை எடுக்கச் சொல்லட்டுமா என்று பாய் என்னைக் கேட்டார்.

வேண்டாம் என்றேன். வருவேன் என்றும் சொல்லவில்லை. துளை முந்நூறு அடி தாண்டியும் தூசிதான் வந்துகொண்டிருந்தது. அடுத்த ராடு ஏற்றச் சொல்லிக் கூப்பிட்டார்கள். போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தேன்.